விரல் பெரிசா, பட்டன் சின்னதா?

ஜனவரி மாதம். குன்னூர். ராத்திரி இரண்டரை மணி.

வெளியே கண்ணுக்கு எதுவும் தெரியாத பனிமூட்டம். வீட்டுக்குள்ளே, கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறார் என் பெரியம்மா. நெற்றி, கழுத்து, முதுகு எல்லாம் தெப்பமாக நனைந்திருக்கிறது. அந்தக் குளிரில் வேர்வை! கை நடுங்குகிறது. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் என்னவோ பேசுகிறார்.

பெரியப்பாவுக்கு 78 வயது. அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதறிப் போய் செல்போனை எடுத்தார். மூக்குக் கண்ணாடி எங்கே என்று தெரியவில்லை. கையில் கம்பளிக் கையுறை. அதோடு தடவினால் செல்போன் அசைந்து கொடுக்கவில்லை. கையுறையைக் கழற்றினார். விரல் விறைத்துக் கட்டையாகக் கிடந்தது. ஒரு வழியாகப் பூட்டைத் திறந்து, பெங்களூரில் இருக்கும் மகன் பெயரைத் தொட்டால், அதற்கு அடுத்த வரியில் இருந்த கேஸ் புக்கிங் நம்பருக்குப் போனது. "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்..." என்று அது பேச ஆரம்பித்தது. அதைத் துண்டிப்பதற்குள் திரை இருண்டு விட்டது. மறுபடியும் பூட்டு. மறுபடியும் முதலிலிருந்து.

இப்படியே பத்து நிமிஷம் போய்விட்டது.

கடைசியில் செல்போனைக் கட்டிலில் வீசிவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் பனியில் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். நல்லவேளை, அந்த வீட்டு அம்மா ஓய்வு பெற்ற நர்ஸ். வந்து பார்த்ததுமே புரிந்து விட்டது. பெரியம்மாவுக்கு நினைவு இருந்ததால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் பெரியம்மா, "ஏன் எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு நிக்கறீங்க?" என்று கேட்டாராம்!

நடந்தது இதுதான். அன்று வைகுண்ட ஏகாதசி. பெரியம்மா விரதம். சாப்பாட்டை விட்டவர், வழக்கமான இன்சுலின் ஊசியை மட்டும் விடவில்லை. ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து போய்விட்டது. இது சர்க்கரை அதிகமாவதைவிட வேகமாக ஆளைச் சாய்க்கக் கூடியது. இன்சுலின் போட்டுக் கொள்பவர்கள் விரதம் இருப்பதற்கு முன் டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும் என்பது முதல் பாடம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பது இரண்டாவது பாடம்.

மூன்றாவது பாடம் ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரையே அதைப் பற்றியதுதான்.

"எனக்கு வயசாயிடுச்சு, கண்ணு"

ஒரு வாரம் கழித்துப் போயிருந்தேன். பெரியப்பா முகமே சரியில்லை. செல்போன் அலமாரியில் துணிக்கு அடியில் கிடந்தது.

"என்ன பெரியப்பா, போனே எடுக்க மாட்டேங்கறீங்க?"

"விடு கண்ணு. எனக்கு வயசாயிடுச்சு. இந்த எழவெல்லாம் நமக்கு ஒத்து வராது. பெரியம்மா சாகக் கிடக்கறா, எனக்கு ஒரு போன் பண்ணத் தெரியல. ஃபேக்டரியில கண்ணை மூடிக்கிட்டே வால்வு திருப்புன கை இது!"

மனசு கேட்கவில்லை. அவர் சொன்ன கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக் கொண்டேன்.

"அந்த வால்வுச் சக்கரம் எவ்வளவு பெரிசு, பெரியப்பா?"

கையை விரித்துக் காட்டினார். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு.

"ஏன் அவ்வளவு பெரிசா வெச்சாங்க?"

"அவசரத்துல கை தவறக் கூடாது இல்ல!" என்றார் பட்டென்று.

அவ்வளவுதான் விஷயம்! தொழிற்சாலையில் ஆளுக்கு ஏற்ற மாதிரி வால்வு செய்தார்கள். செல்போனிலோ, பட்டனுக்கு ஏற்ற மாதிரி ஆள் மாற வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அன்று ராத்திரி தோற்றது பெரியப்பா இல்லை, அந்தப் பட்டன்தான்.

கண்ணில் என்ன நடக்கிறது?

நாற்பது வயதைத் தாண்டினால் பேப்பரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் படிக்கிறோம், இல்லையா? அதுதான் வெள்ளெழுத்து. நோய் அல்ல. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைப்பாகி, கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும்போது குவிய மறுக்கிறது.

அதோடு நிற்பதில்லை. வயதாக ஆக லென்ஸ் மஞ்சள் பூக்கிறது, கண்மணி சுருங்குகிறது. இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் போய்ச் சேருகிறது. கண்புரையும் சேர்ந்து கொண்டால் கேட்கவே வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து என்பது இன்றைக்கு 'ஆப்'களில் ஒரு ஃபேஷன். இளம் கண்ணுக்கு அழகாக இருக்கும். தாத்தாவுக்கு அது வெறும் காகிதம்!

தமிழில் படிப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நம் எழுத்துக்களில் சுழிகள் அதிகம். ன, ண இரண்டுக்கும் ஒரே ஒரு சுழிதான் வித்தியாசம். எழுத்து சிறிதானால் புள்ளி மறைந்து, 'க்' என்பது 'க' ஆகிவிடும். ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் முடிகிற சொல் தமிழில் 'சமர்ப்பிக்கவும்' என்று நீண்டு, சின்னப் பட்டனுக்குள் அடங்காமல் 'சமர்ப்...' என்று பாதியில் நிற்கும். எதைச் சமர்ப்பிக்கிறோம் என்று தெரியாமலே அமுக்க வேண்டியதுதான்.

விரலில் என்ன நடக்கிறது?

இப்போதைய தொடுதிரையை அமுக்கும் பலம் இயக்குவதில்லை. கண்ணாடியின் மேல் மெல்லிய மின்புலம் ஒன்று பரவி இருக்கிறது. நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தக் கூடியது என்பதால், விரல் பட்ட இடத்தில் அந்த மின்புலம் மாறுகிறது. செல்போன் அதைத்தான் கண்டுபிடிக்கிறது.

இதனால்தான் கம்பளிக் கையுறை போட்டால் வேலை செய்வதில்லை. தோல் ரொம்பவும் வறண்டு காய்த்துப் போயிருந்தாலும் சிக்னல் பலவீனமாகிறது. மழைத் துளி விழுந்தால், அதையும் ஒரு விரல் என்று நினைத்துக் குழம்புகிறது. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி கொட்டும். விரல் மரத்துப் போகும். தோல் வறண்டு வெடிக்கும். மற்ற மாதங்களில் மூடுபனியும் சாரலும். மொத்தத்தில், தொடுதிரைக்குப் பிடிக்காத அத்தனையும் நீலகிரியில் உண்டு!

இதோடு மூட்டு வீக்கம், கை நடுக்கம், சர்க்கரை நோயால் விரல் நுனியில் உணர்ச்சி குறைவது... இவையெல்லாம் சேர்ந்தால், ஓர் இடத்தைக் குறி பார்த்துத் தொடுவது என்பதே பெரிய வித்தையாகி விடுகிறது.

எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? வருஷக் கணக்கில் கிள்ளிக் கிள்ளிக் காய்த்து, தேயிலைக் கறை ஏறி, ரேகையே தேய்ந்து போயிருக்கும். 1964-ம் வருஷத்து சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து, அரசின் 'டான்டீ' தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்த குடும்பங்கள் இங்கே உண்டு. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இன்னமும் அவர்களுக்குச் சொந்தபந்தம் இருக்கிறது. அக்கா முகத்தைப் பார்க்க ஒரே வழி வீடியோ கால்தான். அந்தப் பச்சை பட்டன் விரலுக்கு அகப்படாவிட்டால், கடல் தாண்டிய உறவு அன்றைக்கு இல்லை!

ஒரு பச்சைப் பட்டாணி அளவு

பட்டன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? இதற்குக் கணக்கு உண்டு.

பால் ஃபிட்ஸ் என்று ஓர் அமெரிக்க மனோதத்துவ நிபுணர். 1954-ல் ஒரு விதியைச் சொன்னார். குறி சின்னதாக ஆக ஆக, தூரமாக ஆக ஆக, கை அதைச் சரியாகத் தொட எடுத்துக் கொள்ளும் நேரம் கூடும். கேட்டால் 'இது தெரியாதா?' என்று தோன்றும். ஆனால் அதைச் சூத்திரமாகவே எழுதிக் கொடுத்தார் அவர். இன்றைக்கும் பட்டன் வடிவமைப்பவர்களுக்கு அதுதான் அரிச்சுவடி.

ஆண்ட்ராய்டு செல்போன்களுக்காக 'ஆப்' செய்பவர்களுக்கு கூகுள் சொல்லும் அளவு, பட்டனின் ஒரு பக்கம் சுமார் 9 மில்லிமீட்டர். நம் ஊட்டிப் பச்சைப் பட்டாணியில் நன்றாகப் பருத்த ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். ஏறக்குறைய அந்த அளவு! ஆப்பிள் நிறுவனமும் கிட்டத்தட்ட இதற்குப் பக்கத்திலேயே ஓர் அளவைச் சொல்கிறது. இணையதளங்களுக்கான உலகப் பொது விதிமுறை 2023 அக்டோபரில் புதுப்பிக்கப்பட்டபோது, பட்டனுக்குக் குறைந்தபட்ச அளவு ஒன்றைச் சேர்த்தார்கள். அது கூகுள் சொல்வதில் பாதிதான். அதாவது, விதியை நிறைவேற்றிய பட்டன்கூட பெரியப்பாவுக்குச் சின்னதாக இருக்கலாம்.

அளவு மட்டும் போதாது. இரண்டு பட்டன்களுக்கு நடுவே இடைவெளியும் வேண்டும். 'பணம் அனுப்பு' என்பதற்கு ஒட்டினாற்போல 'ரத்து செய்' இருந்தால் என்ன ஆகும்? எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும், எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் எதுவும் மறைந்து போகக்கூடாது என்றும் அதே விதிமுறை சொல்கிறது.

இது சலுகையா, உரிமையா?

"வேணும்னா வெச்சுக்கட்டும், வேண்டாம்னா விட்டுடட்டும்" என்று சொல்லும் காலம் போய்விட்டது. 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, வெளியூர் வண்டிகள் ஊட்டிக்கு வரவே இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று ஆனது. பணம் கட்டுவது, ரயில் டிக்கெட், ஆஸ்பத்திரியில் டோக்கன் எல்லாமே திரைக்குள் போய்விட்டன.

பென்ஷனையே எடுத்துக் கொள்ளுங்கள். குன்னூர், வெலிங்டன், அருவங்காடு பக்கம் திரும்பிய இடமெல்லாம் பென்ஷன்காரர்கள். ராணுவத்தில் இருந்தவர்கள், கார்டைட்டில் இருந்தவர்கள், மூடப்பட்டு விட்ட ஊட்டி ஃபிலிம் ஃபேக்டரியில் இருந்தவர்கள். மத்திய அரசு பென்ஷன்காரர்கள் வருஷா வருஷம் நவம்பரில் உயிரோடு இருப்பதற்கான சான்று தர வேண்டும். 80 வயதானவர்கள் அக்டோபரிலேயே தரலாம். இதைக் கம்ப்யூட்டர் வழியாகத் தரும் 'ஜீவன் பிரமாண்' வசதி 2014 நவம்பரில் வந்தது. முதலில் கைரேகை, கருவிழி. ரேகை தேய்ந்தவர்கள் தவித்தார்கள். 2021 நவம்பரில் முகத்தைக் காட்டினாலே போதும் என்று வழி வந்தது. வீட்டுக்கே வந்து முடித்துக் கொடுக்கத் தபால்காரரும் உண்டு; அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி திறந்திருக்க வேண்டும். நல்ல வடிவமைப்புக்கு இலக்கணமே அதுதான்.

2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொழில்நுட்பமும் அவர்களுக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. இதற்காக ஐ.எஸ். 17802 என்ற இந்தியத் தர அளவும் வந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்களிடம், அடையாளம் சரிபார்க்க 'கண்ணைச் சிமிட்டுங்கள்' என்றது கம்ப்யூட்டர். சிமிட்ட முடியாதவர் என்ன செய்வார்? பார்வையற்ற ஒருவரும் வழக்குத் தொடுத்திருந்தார். நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் இருவரும், டிஜிட்டல் வசதியை எட்டுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொல்லி, 20 உத்தரவுகளைப் பிறப்பித்தார்கள்.

கை நடுங்கும் முதியவருக்கும் இதில் பங்கு உண்டு. மாடிப்படிக்குப் பக்கத்தில் சாய்வுப் பாதை போட்டால் சக்கர நாற்காலி மட்டுமா ஏறுகிறது? குழந்தை வண்டியும் ஏறும், சூட்கேஸும் ஏறும். பெரிய பட்டனும் அப்படித்தான். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் செல்போன் என்று நிற்கும் உங்களுக்கும் அது உதவும்.

இன்றைக்கே செய்யுங்கள்

பெரியப்பா செல்போனில் நான் செய்து கொடுத்தவை இவை. செலவு ஒரு பைசா இல்லை. அரை மணி நேரம் போதும். பெயர்களும் இடங்களும் செல்போனுக்குச் செல்போன் கொஞ்சம் மாறும்.

1. 'செட்டிங்ஸ்'ஸில் 'டிஸ்ப்ளே' போய் 'ஃபாண்ட் சைஸ்' என்பதைக் கூட்டுங்கள். அதன் பக்கத்திலேயே 'டிஸ்ப்ளே சைஸ்' என்று ஒன்று இருக்கும். பலரும் இதைக் கவனிப்பதில்லை. முதலாவது எழுத்தை மட்டும் பெரிதாக்கும். இரண்டாவதுதான் பட்டனையும் சேர்த்துப் பெரிதாக்கும்.

2. திரை தானாக இருளும் நேரத்தை 30 வினாடியிலிருந்து 2 நிமிஷத்துக்கு மாற்றுங்கள். நிதானமாகப் படிப்பவருக்கு இது பெரிய நிம்மதி.

3. 'அக்ஸஸிபிலிட்டி' என்ற பகுதியில் எழுத்தை அழுத்தமாக்கும் வசதி, திரையை உருப்பெருக்கும் வசதி, விரலை எவ்வளவு நேரம் வைத்தால் 'தொட்டதாக' எடுத்துக் கொள்ள வேண்டும் என்று மாற்றும் வசதி எல்லாம் இருக்கின்றன. கை நடுங்குபவர்களுக்குக் கடைசியாகச் சொன்னது அவசியம்.

4. முதல் பக்கத்தில் தேவையில்லாத எல்லாவற்றையும் எடுத்து விடுங்கள். நான்கே நான்கு பேர் - மகன், மகள், டாக்டர், பக்கத்து வீடு - பெரிய கட்டங்களாக, ஒட்டாமல் இருக்கட்டும். சில செல்போன்களில் இதற்கென்றே 'ஈஸி மோட்' உண்டு.

5. அவசர வசதியைப் போட்டு வையுங்கள். பல ஆண்ட்ராய்டு செல்போன்களில் பக்கவாட்டு பட்டனை 5 முறை வேகமாக அமுக்கினால் அவசர அழைப்பு போகும். இது நிஜ பட்டன். கையுறையோடும் அமுக்கலாம், இருட்டிலும் அமுக்கலாம்! யாருக்குப் போகிறது என்று முதலிலேயே பார்த்து வையுங்கள். ரத்த வகை, நோய், மருந்து விவரங்களையும் பூட்டைத் திறக்காமலே தெரியும்படி எழுதி வைக்கலாம்.

6. வாயால் சொல்லிப் போன் செய்யப் பழக்குங்கள். கை மரத்தாலும் நாக்கு மரக்காது.

7. திரையின் மேல் ஒட்டிய கண்ணாடி பழசாகி, கீறல் விழுந்திருந்தால் மாற்றுங்கள். குளிர்காலத்தில் விரலுக்குக் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி, துடைத்துவிட்டுப் பிறகு தொடட்டும். தொடுதிரைக்கென்றே விற்கும் கையுறைகளும் கிடைக்கின்றன.

8. தொடுதிரையே ஆகாது என்றால் பட்டன் போன் வாங்கிக் கொடுப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. 2022 மார்ச்சில் வந்த 'யு.பி.ஐ. 123பே' மூலம் அதிலேயே பணமும் அனுப்பலாம்.

ஓர் எச்சரிக்கை! "எழுத்தைப் பெரிசு பண்ணித் தர்றேன், இந்த ஆப்பை ஏத்துங்க" என்று முன்பின் தெரியாதவர் போனில் சொன்னால் கேட்கவே கூடாது. பணம் பறிபோனால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

இன்னொன்று. எழுத்தைப் பெரிதாக்குகிறோம் என்று கண் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். திடீரென்று மங்கினாலோ, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ, அது செல்போன் கோளாறு அல்ல. சர்க்கரை நோய் உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை விழித்திரையைப் பரிசோதிப்பது கட்டாயம்.

கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் 'ஆப்' எழுதிக் கொண்டிருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் செய்ததை உங்கள் பாட்டி கையில் கொடுங்கள். கண்ணாடி இல்லாமல், ஈரக் கையோடு, தமிழில். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எங்கே தடுமாறுகிறாரோ, அங்கே தப்பு செய்தது நீங்கள்!

போன வாரம் பெரியப்பாவிடமிருந்து வீடியோ கால் வந்தது. அவரே கூப்பிட்டது. முகம் பாதி தெரிந்தது, விட்டம் பாதி தெரிந்தது.

"கண்ணு, பெரியம்மாவுக்குச் சுகர் பார்த்தேன், 132. உங்க அண்ணனுக்கும் சொல்லிட்டேன்."

"யார் போட்டுக் கொடுத்தாங்க, பெரியப்பா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

எத்தனை மாதம் கழித்து அந்தக் குரலில் பழைய மிடுக்கு!

இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். அம்மாவிடமோ அப்பாவிடமோ, "உங்க போனைக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கையை முழுக்க நீட்டிப் பிடித்து, உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள்.

கிடைக்கவில்லையா? அப்படியானால் ராத்திரி இரண்டரை மணிக்கு அவர்களுக்கும் கிடைக்காது.